மூணேகால் லட்சத்துக்கு ஒரு 1972 ஸ்ட்ராட்: வாங்கலாமா?

கேள்வி: சென்னையில் ஒருவர் 1972-ஆம் வருட ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை மூணேகால் லட்சத்துக்கு விற்கிறார். "எல்லாமே ஒரிஜினல், கோடம்பாக்கத்தில் ரெக்கார்டிங் வாசித்தவர் வைத்திருந்தது" என்கிறார். பில் கிடையாது. அட்வான்ஸ் கேட்கிறார். இது ஏமாற்று வேலையா, திருட்டுப் பொருளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

பில் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அது சின்ன விஷயம். 1991-க்கு முன்னால் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டு கிட்டார்கள் பெரும்பாலும் பெட்டி படுக்கையோடு வந்தவை. கப்பலில் வேலை பார்த்தவர் கொண்டுவந்தது, சிங்கப்பூர் மாமா வாங்கிவந்தது, பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போனது, இப்படி. இதற்கெல்லாம் யாரும் பில்லைப் பத்திரப்படுத்தி வைக்கவில்லை. ஐம்பது வருடப் பழைய கிட்டாருக்கு மடிப்புக் கலையாத பில்லை ஒருவர் நீட்டினால்தான் நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

நான் கிட்டார் ரிப்பேர் செய்கிறவன், விற்கிறவன் இல்லை. என் மேசைக்கு வருகிறவற்றில் அப்பட்டமான போலி குறைவு. பாதி உண்மைதான் அதிகம். பழைய கிட்டார் விற்பவர்கள் வாய் கூசாமல் பொய் சொல்வார்கள் என்று நினைக்காதீர்கள். பலர் சொல்லவே மாட்டார்கள். பெயிண்ட் திரும்ப அடித்ததா என்று நீங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், "நீங்க கேக்கவே இல்லையே சார்" என்பார். அது உண்மையும்கூட. இந்தத் தொழிலில் பெரும்பாலான மோசடி இப்படி வாய் திறக்காமலே நடக்கிறது. ஆகவே வாங்குகிறவர் செய்ய வேண்டியது இரண்டுதான்: திருகாணியைத் திறந்து பார்ப்பது, விற்பவரை எழுத்தில் பேச வைப்பது.

ஏன் இவ்வளவு மறைப்பு என்றால், பழைய கிட்டாரின் விலை கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கிறது. ஒரே வருடத்தில் ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு கிட்டார். ஒன்றுக்குப் பின்னாளில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், மற்றதற்கு இல்லை. பெயிண்ட் அடித்தது ஏறக்குறைய பாதி விலைக்குத்தான் போகும் என்பது இந்த வியாபாரத்தில் வழக்கம். கம்பியை முறுக்குகிற தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டியிருந்தாலும் கிட்டத்தட்ட அதே கதி. வாசித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதாவது ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் ஒன்றரை லட்சம் லாபம். அந்த இடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொரு சங்கதி. புதுப்பேட்டையில் வண்டியைப் பிரிப்பது போல, கிட்டாரையும் பிரித்து விற்றால் முழுசாக விற்பதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். கிப்சன் என்கிற இன்னொரு அமெரிக்கக் கம்பெனி 1957 முதல் 1962 வரை போட்ட பிக்கப்களின், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற காந்தச் சுருள்களின், அடியில் "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்று அச்சிட்ட ஒரு குட்டி ஸ்டிக்கர் இருக்கும். அந்த ஒரு ஜோடி பிக்கப்பின் விலையில் இங்கே நல்ல புது கிட்டார்கள் பலவற்றை வாங்கலாம். அதனால் பிக்கப் ஒரு பக்கம் போகும், சுருதி சேர்க்கிற டியூனர் ஒரு பக்கம் போகும், பெட்டிகூடத் தனியாக விலை போகும். மிச்சமிருக்கிற மரத்தில் புதுச் சாமான்களைப் பொருத்தி, மறுபடியும் "பழைய கிட்டார்" என்று விற்பார்கள். அந்த ஸ்டிக்கரையும் இப்போது தனியாக அச்சடித்து விற்கிறார்கள். ஃபெண்டரில் இது இன்னும் சுலபம், ஏனென்றால் கழுத்தும் பாடியும் திருகாணியில்தான் நிற்கின்றன. 1972 கழுத்து, 1978 பாடி, இரண்டும் அசல் ஃபெண்டர்தான். சேர்ந்து பிறந்தவை இல்லை, அவ்வளவுதான்.

சரி, உங்கள் ஸ்ட்ராட்டுக்கு வருவோம். பார்க்கப் போகும்போது ஒரு நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், டார்ச், ஃபோன் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். திறப்பதற்கு முன்பே வெளியில் தெரிகிறவற்றைப் பாருங்கள். பின்பக்கம் கழுத்தைப் பாடியோடு பிடித்திருக்கிற தகட்டில் எத்தனை திருகாணி? 1954-இல் ஸ்ட்ராட் வந்தபோது நான்கு. 1971 நடுவாக்கில் அதை மூன்றாகக் குறைத்தார்கள், 1980-களின் தொடக்கம் வரை அப்படியே ஓடியது. 1972 என்றால் மூன்று திருகாணி, தகட்டில் பெரிய எஃப் எழுத்து, ஹெட்ஸ்டாக்கில், கம்பிகள் உட்காருகிற நட் என்ற துண்டுக்கு மேலே, தோட்டா போலத் துருத்திக்கொண்டிருக்கும் டிரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பி) முனை. ஹெட்ஸ்டாக்கும் பெரியதாக இருக்க வேண்டும். நான்கு திருகாணி இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

சீரியல் நம்பர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தகட்டில் இருந்தால் 1972-க்குச் சரி. ஹெட்ஸ்டாக்கில் இருந்தால் கழுத்து 1976 வாக்கிலோ அதற்குப் பிறகோ செய்தது. தகட்டில் சரியான நம்பர் இருக்கிறதே என்று மகிழ்ந்துவிட வேண்டாம், தகட்டைக் கழற்றி வேறு கிட்டாரில் மாட்ட ஐந்து நிமிடம் போதும். இணையத்தில் நம்பரைத் தட்டி வருடம் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறவர்கள்தான் இந்த வியாபாரிகளுக்கு மிகவும் பிடித்த வாடிக்கையாளர்கள். கிப்சனில் நிலைமை இன்னும் மோசம். 1960-களிலும் 70-களின் முதல் பாதியிலும் ஒரே நம்பரை வெவ்வேறு வருடங்களில் மறுபடி மறுபடி அடித்திருக்கிறார்கள். நம்பர் மட்டும் தெரிந்தால் எந்த வருடம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

அடுத்து பிக்கப் சுவிட்ச். 1972-இல் அது மூன்று நிலை. ஐந்து நிலை சுவிட்ச் 1977-இல்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தது. இங்கே ஐந்து நிலை இருந்தால் அதற்காக விற்பவரைத் திருடன் என்று நினைக்க வேண்டாம், வாசிக்கிறவர்கள் வசதிக்காக மாற்றிக்கொண்டது ஏராளம். ஆனால் "எல்லாமே ஒரிஜினல்" என்ற பேச்சு அதோடு முடிந்தது.

இப்போது கம்பிகளைத் தளர்த்தி, பிக்கப்கள் பொருத்தியிருக்கிற முன்பக்கத் தகடான பிக்கார்டைத் திறக்கச் சொல்லுங்கள். வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கிற பாட்களில் ஒரு நம்பர் பொறித்திருக்கும். 1377214 என்று இருந்தால் முதல் மூன்று எண் தயாரித்த கம்பெனி, 137 என்பது சிடிஎஸ். அடுத்த இரண்டு வருடம், கடைசி இரண்டு வாரம். அதாவது 1972-இன் 14-ஆவது வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் என்ற கம்பெனி. இதை எப்படிப் படிப்பது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாட் செய்த தேதிக்கு முன்னால் கிட்டாரைப் பூட்டியிருக்க முடியாது, பின்னால் எப்போது வேண்டுமானாலும் பூட்டியிருக்கலாம். 1971 பாட் 1972 கிட்டாரில் இருப்பது சகஜம். 1966-இல் ஃபெண்டர் மொத்தமாக வாங்கிப் போட்ட பாட்கள் அதற்குப் பிறகு பல வருடம் ஓடின. ஆனால் 1975 பாட் இருந்தால், ஒன்று பாட் மாற்றப்பட்டது, அல்லது கிட்டாரே 1972 இல்லை.

எண்களைவிட நான் அதிக நேரம் பார்ப்பது சால்டரிங்கை. ஐம்பது வருடத்து ஈயம் சாம்பல் பூத்து மங்கிப் போயிருக்கும். மூன்று பாட்களில் இரண்டு மங்கலாக இருந்து, பிக்கப் கம்பி வந்து சேர்கிற இடம் மட்டும் பளபளவென்று இருந்தால், யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். புது ஈயத்தைச் சுற்றிப் பழுப்பாகப் பிசின் கசிந்திருக்கும். பிக்கப்பிலிருந்து வரும் கம்பியை நடுவில் வெட்டி, வேறு கம்பியோடு முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தால் அந்த பிக்கப் வேறு எங்கிருந்தோ வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கம்பிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் புதுக் கம்பியாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். பிக்கப் மாற்றினால் தப்பில்லை, பழசு எங்கே என்று கேளுங்கள். பெட்டியில் இருக்கிறது என்று எடுத்துக்கொடுத்தால் அவர் நல்ல மனிதர்.

கழுத்தைக் கழற்ற விட்டால் இன்னும் நல்லது. கழுத்து உட்காரும் குழியிலும், பின்பக்கம் ஸ்ப்ரிங் இருக்கிற குழியிலும் பெயிண்ட் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மேலே ஒரு நிறம், உள்ளே வேறு நிறம் என்றால் பெயிண்ட் திரும்ப அடித்ததா என்று சந்தேகப்படுங்கள். ஒரே நிறமாக இருந்தாலும், திருகாணித் துளைக்குள் பெயிண்ட் வழிந்து உறைந்திருந்தால் துளை போட்ட பிறகு யாரோ அடித்திருக்கிறார்கள்.

அப்புறம் நம் ஊர்க் காற்று. சென்னையில் பல வருடம் கிடந்த கிட்டார் அதை மறைக்க முடியாது. கடல் காற்றும் வியர்வையும் சேர்ந்து கம்பிகள் பாடியில் வந்து சேர்கிற பிரிட்ஜின் திருகாணிகளையும் பிக்கப்பின் காந்தத் தலைகளையும் அரித்திருக்கும். அதுவும் சீராக அரிக்காது. வலது உள்ளங்கை தங்குகிற இடத்தில், தடிமனான கம்பிகளின் பக்கம், அதிகமாக இருக்கும். ஆசிட் ஊற்றிப் பழசாக்கியது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி துருப்பிடித்திருக்கும். பெட்டியின் வெல்வெட்டில் பூஞ்சை வாசனை வர வேண்டும். இதற்கு நேர்மாறாக ஒன்று. பழைய கிப்சனிலும், மார்ட்டின் கம்பெனியின் கிட்டார்களிலும் லாக்கர் என்கிற வார்னிஷ் மேல் மெல்லிய வெடிப்புக் கீறல்கள் ஓடும், வெளிநாட்டுப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவை முக்கியமாகக் கடுங்குளிரிலிருந்து சட்டென்று சூட்டுக்கு வருவதால் விழுகின்றன. "பிறந்ததிலிருந்து மெட்ராஸை விட்டு நகராத கிட்டார்" என்று சொல்லி, உடம்பெல்லாம் அந்தக் கீறலோடு ஒன்றைக் காட்டினால், எந்தப் பனியில் நனைந்தது என்று கேட்பேன். உங்கள் ஸ்ட்ராட்டுக்கு இது பொருந்தாது. 1968 வாக்கிலேயே ஃபெண்டர் தடிமனான பாலியெஸ்டருக்கு மாறிவிட்டது, அது அப்படிக் கீறாது, சில்லு சில்லாகத்தான் பெயரும். 1972 ஸ்ட்ராட் என்று சொல்லிச் சிலந்தி வலை மாதிரிக் கீறல் காட்டினால் அந்தப் பெயிண்ட் அநேகமாகத் தொழிற்சாலையில் அடித்தது இல்லை.

நாளைக்கு நீங்கள் கிப்சனோ மார்ட்டினோ பார்க்கப் போனால், கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும். இருட்டறையில் அதை அடித்தால் பழைய லாக்கர் வெளிறிய பச்சை மஞ்சளாக ஒளிரும். பிற்பாடு அடித்த இடம் திட்டாக இருண்டு தெரியும். கிப்சன் கழுத்து மஹோகனி மரம், ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாய்ந்தது, பெட்டியோடு மல்லாந்து விழுந்தாலே உடையும். ஒட்டி, நிறம் சேர்த்துவிட்டால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இந்த விளக்குக்குத் தெரியும்.

மார்ட்டின் விற்பவர்கள் சொல்கிற ஒரு பொய் எனக்குச் சிரிப்பு மூட்டும். 1969-க்கு முந்திய ரோஸ்வுட் மார்ட்டின்களில் பிரேசில் மரம். அது கிடைப்பது சிரமமாகவே, அந்த வருடவாக்கில் இந்திய மரத்துக்கு மாறினார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான் அது, தோதகத்தி என்றும் சொல்வோம். பிரேசில் மரத்தின் உலக வணிகம் 1992 முதல் கிட்டத்தட்ட முழுசாகத் தடை, அதனால் அதன் விலை எங்கேயோ இருக்கிறது. விளைவு, நம் ஊர் ஈட்டியை நமக்கே பிரேசில் என்று விற்கிறார்கள். அசல் பிரேசிலாகவே இருந்தாலும் அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பிடிபடும். கம்பிகளைத் தாங்குகிற பழைய நட்டும் சேடிலும் யானைத் தந்தமாக இருந்தால் நம் வனவிலங்குச் சட்டமும் குறுக்கே வரும்.

சீனாவிலிருந்து வரும் போலி கிப்சன்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஹெட்ஸ்டாக்கில் டிரஸ் ராட் மூடி மேல் இரண்டு திருகாணிக்குப் பதில் மூன்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு சின்ன விஷயம்: கொல்கத்தாவின் கிவ்சனும் ஹோப்னரும் தனிக் கம்பெனிகள், நம்மில் பலர் விரல் தேய்ந்தது அவற்றில்தான். தாத்தாவின் கிவ்சனைப் பரணிலிருந்து இறக்கி "கிப்சன் சார்" என்று கொண்டுவருகிறவர்களும் உண்டு, அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை.

கோடம்பாக்கம் கதைக்கு வருகிறேன். அங்கே ரெக்கார்டிங் வாசித்த கிட்டாரிஸ்டுகளிடம் நல்ல வெளிநாட்டு கிட்டார்கள் இருந்தது நிஜம். அவற்றில் சில இப்போது விற்பனைக்கு வருவதும் நிஜம். ஆனால் இந்த ஊரில் விற்பனைக்கு வருகிற ஒவ்வொரு பழைய கிட்டாரும் ஏதோ ஒரு புகழ்பெற்ற பாட்டில் வாசித்ததாகவே சொல்லப்படுகிறது. வாசித்தவர் பெயரைக் கேளுங்கள். அந்தக் குடும்பத்தின் கையிலிருந்து விற்பவருக்கு எப்படி வந்தது, யார் மூலமாக, எந்த வருடம் என்று கேளுங்கள். அந்த கிட்டாரோடு அவர் இருக்கிற பழைய ஃபோட்டோ ஒன்று போதும். இல்லையென்றால் கதைக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள், மரத்துக்கும் இரும்புக்கும் மட்டும் விலை பேசுங்கள்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கமும் உண்டு. வாசித்தவர் காலமான பிறகு, துக்கம் விசாரிக்கிற சாக்கில் வீட்டுக்குப் போய், "பழைய சாமான்தானேம்மா, இடத்தை அடைச்சிட்டிருக்கு" என்று ஐயாயிரம் பத்தாயிரத்துக்கு எடுத்துவந்து லட்சத்துக்கு விற்கிற தரகர்கள் இருக்கிறார்கள். சட்டத்தில் அவர்களை மடக்குவது கஷ்டம். அந்த அம்மா சம்மதித்துத்தான் கொடுத்தார். உங்கள் சொந்தத்தில் வாசிக்கிறவர் யாராவது இருந்தால், எந்த கிட்டார் என்ன விலை பெறும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

இனி திருட்டு. சட்டம் இதில் வாங்குகிறவருக்குக் கருணை காட்டுவதில்லை. 1930-ஆம் வருடப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, விற்பவருக்கு இல்லாத உரிமை உங்களுக்கு வராது. நீங்கள் முழு விலை கொடுத்திருந்தாலும், கை மாறிக் கை மாறி நாலாவது ஆளிடம் வாங்கியிருந்தாலும், அது திருட்டுப் பொருள் என்றால் அசல் சொந்தக்காரருடையதுதான். போலீஸ் வழக்குச் சொத்தாக எடுத்துப் போகும். கொடுத்த பணத்தை நீங்கள் விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். திருட்டு என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்கினால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள். ஐந்து லட்சம் பெறுகிற கிட்டாரை ஒருவர் அறுபதாயிரத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாகத் தள்ளப் பார்த்தால், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்வது எடுபடாமல் போகலாம். உங்களுடைய மூணேகால் லட்சம் அந்த வகை இல்லை. திருட்டோ என்று சந்தேகம் வருகிற அளவுக்கு அது மலிவு இல்லை.

திருட்டு என்றால் பூட்டை உடைப்பது மட்டுமில்லை. சென்னையில் நான் கேள்விப்படுகிறதில் நிறைய, தெரிந்தவர் செய்தது. ஒரு ஷோவுக்கு என்று வாங்கிப் போனவர் திருப்பித் தரவில்லை, கேட்டால் வேறு யாரிடமோ இருக்கிறது. கடையில் கமிஷனுக்கு விட்டது விற்றுவிட்டது, பணம் மட்டும் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று வருடம் ஓடுகிறது. இதை ஸ்டேஷனில் சொன்னால் "சிவில் மேட்டர்" என்று கையை விரிப்பார்கள். விரிக்க விடாதீர்கள். நம்பி ஒப்படைத்ததைத் தன் சொந்தமாக்கிக்கொள்வது அதே சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவில் நம்பிக்கை மோசடி, குற்றம்தான். எழுதிக் கொடுங்கள், குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். என்கிற புகார் ரசீதாவது வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். கமிஷனுக்கு விடுவதாக இருந்தால் ஒரு தாளில் நம்பர், விலை, எத்தனை நாள், விற்றால் எத்தனை நாளில் பணம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு விடுங்கள்.

ரிப்பேர் கடையில் பிக்கப் மாறிப்போவதும் நடக்கிறது. என் தொழிலைப் பற்றி நானே சொல்கிறேன். கொடுப்பதற்கு முன் பிக்கார்டைத் திறந்து உள்ளே படம் எடுத்துவிட்டு, அந்தப் படத்தைக் கடைக்காரருக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். யோக்கியமானவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

படம் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்குக் கனடாவின் ராக் கிட்டாரிஸ்ட் ராண்டி பாக்மன் கதையைச் சொல்ல வேண்டும். அவருடைய 1957 கிரெட்ச் கிட்டார் 1976-இல் டொராண்டோவில் ஒரு ஹோட்டலிலிருந்து திருடுபோனது. நாற்பது வருடத்துக்கு மேல் தேடினார். கடைசியில் ஒரு ரசிகர், பழைய வீடியோவில் தெரிந்த மரத்தின் ஒரு சிறு மச்சத்தை வைத்து, இணையத்தில் கிடைத்த கிரெட்ச் படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அது டோக்கியோவில் ஒரு இசைக்கலைஞரிடம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த ஜப்பானியர் கடையில் காசு கொடுத்து வாங்கியவர், அவர் மேல் குற்றமில்லை. அதே வருடத்து, அதே மாதிரி வேறொரு கிரெட்சைத் தேடிப்பிடித்துக் கொடுத்து, 2022 ஜூலை 1 அன்று பாக்மன் தன்னுடையதை வாங்கிக்கொண்டார். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியுடைய ஹாஃப்னர் பேஸ் கிட்டாரும் 1972-இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து போனது, அது அவரிடம் திரும்பி வந்த செய்தி 2024 பிப்ரவரியில் வந்தது.

நமக்கு இந்தப் பாடம் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் போலியான உரிமைப் பத்திரங்களை நம்பி வாங்கியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலில் முன்பே எடுத்து வைத்திருந்த படங்கள் அந்தப் பத்திரங்களைப் பொய்யாக்கின. 2014-இல் நடராஜர் திரும்பி வந்தார். உங்கள் கிட்டாருக்கும் அதைச் செய்யுங்கள். முன், பின், ஹெட்ஸ்டாக், சீரியல் நம்பர், உள்ளே பாட் நம்பர், பிறகு முக்கியமாக மர ரேகையும் அடிபட்ட இடங்களும் நெருக்கத்தில். நம்பரைச் சுரண்டலாம், மர ரேகையை யாரும் மாற்ற முடியாது.

ஆன்லைனில் ஆள் முகமே பார்க்காமல் அட்வான்ஸ் கேட்பது, "ராணுவத்தில் இருக்கேன், டிரான்ஸ்ஃபர், அவசரமா விக்கிறேன்" என்பது, பணம் அனுப்புவதாகச் சொல்லி உங்களையே கியூஆர் ஸ்கேன் பண்ணச் சொல்வது, இவை கிட்டாருக்கே உரியவை இல்லை, வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜை விற்றாலும் வரும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிவிடும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அவருக்கு வாட்ஸப்பில் இப்படி அனுப்புங்கள்: "1972 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், சீரியல் நம்பர் இன்னது. கழுத்தும் பாடியும் ஒன்றாக வந்தவை. மூன்று பிக்கப், பாட், சுவிட்ச், பிரிட்ஜ், டியூனர் எல்லாம் தொழிற்சாலையில் பொருத்தியவை. பெயிண்ட் திரும்ப அடிக்கவில்லை, உடைந்து ஒட்டவில்லை. இது உங்கள் சொந்தப் பொருள், இன்னாரிடம் இந்த வருடம் வாங்கியது. இதை நம்பித்தான் மூணேகால் லட்சம் கொடுக்கிறேன். மாற்றம் இருந்தால் சொல்லவும்." பொய் சொல்ல வாய் வந்தவருக்கும் எழுத்தில் "சரி" போடக் கை வராது. "சுவிட்ச் மட்டும் மாத்தியிருக்கு, டியூனர் ரெண்டு வேற" என்று அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும். அது உங்களுக்கு நல்ல செய்தி, விலையைக் குறைத்துப் பேசலாம். "சரி" என்று போட்டுவிட்டால், அது விற்பனைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் பொருளின் வர்ணனை ஆகிறது, பொருள் அதற்கு ஒத்துவராவிட்டால் திருப்பித் தரும் உரிமை உங்களுக்கு உண்டு. விற்பவர் வியாபாரி என்றால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், வக்கீல் இல்லாமலே வாதாடலாம். தன் சொந்த கிட்டாரை ஒரு தடவை விற்கிற தனி ஆள் என்றால் அந்த வழி கடினம். சிவில் கோர்ட், அல்லது தெரிந்தே ஏமாற்றியிருந்தால் நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் போலீஸ்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ரொக்கம் கொடுத்தால்தான் இந்த விலை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவருடைய ஆதாரைப் பார்த்து, பெயரும் முகவரியும் போட்டு ஒரு ரசீது எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, கிட்டாரும் அவரும் இருக்கிற ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிக்கார்டைத் திறக்க அவர் சம்மதிக்காவிட்டால், "அப்படியானால் பாகங்கள் மாறியது என்று வைத்துக்கொண்டு விலை சொல்கிறேன்" என்று சொல்லி ஒன்றரை லட்சத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். நேர்மையானவராக இருந்தால் ஸ்க்ரூ டிரைவரை அவரே எடுத்துவருவார். அட்வான்ஸ் அதற்குப் பிறகுதான், அதுவும் ஐயாயிரத்துக்கு மேல் வேண்டாம், "சோதித்துப் பார்த்து ஒத்துவராவிட்டால் திருப்பித் தரப்படும்" என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு.